கோத்தகிரி குளிருக்கு எந்த இயற்கை வாழ்க்கைங்க ஒத்துவரும்? உரத் தொட்டி நாறுகிறது, சுவர் பூக்கிறது

மலையேறிய மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பூர்க்காரர்கள். வீட்டுக்காரருக்கு வேலை மாற்றலாகி மார்ச் மாதம் கோத்தகிரிக்கு வந்தோம். டவுனிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, தேயிலைக்கு நடுவில் ஒரு பழைய ஓட்டு வீடு, வாடகைக்கு. நான், வீட்டுக்காரர், நாலு வயதுப் பையன், மாமியார். திருப்பூரில் இருந்தபோதே மொட்டை மாடியில் கீரை, தக்காளி, சமையலறைக் குப்பையில் உரம், பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை என்று ஓரளவு பழகியிருந்தோம். அந்த வெயிலிலும் சாயத் தண்ணீரிலும் முடிந்தது மலையில் முடியாதா, அங்கே காற்றே மருந்து என்று நினைத்துக்கொண்டுதான் மூட்டை கட்டினோம். எட்டு மாதத்தில் எல்லாம் தலைகீழ்.

முதலில் உரத் தொட்டி. ஊரில் ஐம்பது நாளில் கறுப்பாகப் பொலபொலவென்று வந்துவிடும். இங்கே ஜூலையில் போட்ட வாழைப்பழத்தோலை இப்போது எடுத்துப் பார்த்தால் கறுத்துப்போய் அப்படியே கிடக்கிறது, யாரோ பத்திரப்படுத்தி வைத்த மாதிரி. வாடை தாங்கவில்லை. புளித்த மோர் ஊற்றினால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்து ஊற்றினேன், இன்னும் மோசம். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்குத் தடாலென்று ஒரு சத்தம். காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி பத்தடி தள்ளிக் கவிழ்ந்து கிடக்கிறது, மூடியில் நாலு கோடு கிழிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு "கரடிங்க" என்றார், பால்காரர் வந்துவிட்டுப் போனார் என்று சொல்கிற மாதிரி.

அடுத்தது சுவர். படுக்கை அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். பையனின் பள்ளிக்கூட ஷூ நாலு நாள் லீவில் பச்சையாகப் பூத்துவிட்டது. வினிகரும் சமையல் சோடாவும் கலந்து துடைத்தேன், நன்றாகத்தான் பொங்கியது, இரண்டு வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது. பையனுக்கு இருமல் விட்டபாடில்லை. எலுமிச்சைத் தோலும் வெல்லமும் போட்டு, வீடு துடைக்க என்சைம் செய்கிறேன் என்று பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்தேன், அது மூடியைத் தெறிக்கவிட்டு மாமியாரின் புடவை மேலெல்லாம் கொட்டியது. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

கடைசியாகக் குளிர். ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் எகிறுகிறது. இரும்புச் சட்டியில் மரக்கரி பற்றவைத்து அறைக்குள் வைத்துக்கொண்டால் இயற்கையான சூடு, கெமிக்கல் எதுவும் இல்லை என்று வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் சொல்கிறார். மாமியாருக்கும் அது பிடித்திருக்கிறது. செய்யலாமா?

மலையிலேயே இருப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வீடியோ வேண்டாம்ங்க, பார்த்துப் பார்த்துத்தான் இந்த நிலைமை.


குன்னூர் நர்ஸ்:

மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கரிச்சட்டி மட்டும் வீட்டுக்குள் போகவே கூடாது. இன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, விறகுப் புகை மாதிரி கண்ணைக் கரிக்கவும் கரிக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, அசதி, குமட்டல், அப்புறம் தூக்கம். குளிருக்கு ஜன்னலை அடைத்துவிட்டுப் படுத்தவர்களுக்குத் தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்போம்" என்று யாராவது சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். விறகு எரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் புகைக்குழாய் கூரைக்கு மேலே போகிற இரும்பு அடுப்பு வேண்டும், குழாயில் படிகிற கரியை வருஷத்துக்கு ஒரு தடவையாவது தட்டி எடுக்க வேண்டும். மாமியாருக்கு ராத்திரி படுக்கைக்குள் ஒரு வெந்நீர்ப் பை போதும். நம்பாவிட்டால் ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள்.

இயற்கை என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம்தான். நீலகிரித் தைலமும் இயற்கைதான், நம் ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது. சின்னக் குழந்தை ஒரு தேக்கரண்டி குடித்துவிட்டால் மயக்கம், வலிப்பு வரை போகும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள். நாலு வயதுப் பையன் இருக்கிற வீட்டில் அந்தப் பாட்டில் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், மூக்குக்குள் சொட்டு விடுவது, பாலில் கலப்பது எதுவும் வேண்டாம். மலைத்தேனும் அப்படித்தான், ஒரு வயது முடியாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது. உங்கள் பையன் தாண்டிவிட்டான், இருந்தாலும் வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

சுவர் துடைக்கிற கதை. வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் புளிப்பும் காரமும் ஒன்றை ஒன்று சாப்பிட்டுவிடும், மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். நீங்கள் துடைத்தது அதைத்தான். அதில் ஆபத்து இல்லை. ஆனால் அதே பழக்கத்தில் பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் கலந்துவிட்டு மூச்சு இழுக்க முடியாமல் எங்களிடம் வந்தவர்கள் உண்டு. பூஞ்சணத்தைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், பொடி பறந்து பையன் மூச்சில்தான் போகும். மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பையனின் இருமலை டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் தண்ணீரைப் பற்றி. ஊற்றுத் தண்ணீர் என்றால் அப்படியே குடிக்கலாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஊற்றுக்கு மேலே யாருடைய செப்டிக் டேங்க் இருக்கிறது என்று போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கொதிக்க வைத்தே குடியுங்கள். மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் 93 டிகிரி பக்கம்தான். அதனால் 2000 மீட்டரைத் தாண்டினால் தளபுளவென்று கொதி வந்த பிறகும் மூன்று நிமிஷம் விடச் சொல்கிறார்கள். கோத்தகிரி அதைவிடக் கொஞ்சம் கீழே, ஆனாலும் மூன்று நிமிஷத்தில் என்ன கேஸ் தீர்ந்துவிடப் போகிறது. பருப்பு வேக நேரமாகிறதே என்று நீங்கள் யோசித்திருந்தால் அதற்கும் இதுதான் காரணம். ராத்திரியே ஊறவைத்துக் குக்கரில் ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். ராஜ்மாவை மட்டும் கொதிக்காத சூட்டில் மெதுவாக வேகவைக்கிற வேலை வேண்டாம், அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.


மிலாறு:

நர்ஸம்மா சொன்னதுக்கு மேல் கரி விஷயத்தில் பேச ஒன்றும் இல்லை. நான் குப்பைக்கு வருகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். ஒரு ஏக்கர் தேயிலை, ஒரு மாடு, இரண்டு உரக்குழி. பச்சைத் தேயிலை விற்கிற விலைக்கு உரம் விலை கொடுத்து வாங்க முடியாது என்பதால் கற்றுக்கொண்ட வித்தை.

உங்கள் தொட்டியில் மூன்று தப்பு. ஒன்று, அது சின்னது. குப்பை மக்கும்போது தானாகவே சூடாகும், அந்தச் சூட்டில்தான் வேகமாக மக்கும். மூணடிக்கு மூணடி, உயரமும் மூணடி என்று ஒரு குவியல் இருந்தால் நடுவில் கையை வைக்க முடியாது, 55, 60 டிகிரி வரை ஏறும். இருபது லிட்டர் பக்கெட்டில் வருகிற சூட்டை நம் ஊர்க் குளிர் உடனே உறிஞ்சிக்கொள்ளும். திருப்பூரில் வெளியே இருக்கிற வெயிலே அந்த வேலையைச் செய்துவிட்டது, நீங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டீர்கள், கோபிக்க வேண்டாம் தங்கச்சி. இரண்டாவது, ஈரம். சமையலறைக் குப்பையில் முக்கால்வாசி தண்ணீர், மேலே மூடுபனி, அதற்கும் மேலே நீங்கள் மோர் ஊற்றியிருக்கிறீர்கள். காற்று போகாமல் அழுகினால் நாறத்தானே செய்யும்.

ஒரு கை பச்சைக் குப்பை போட்டால் இரண்டு கை சருகு போடுங்கள். சருகுக்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம், தேயிலைக்குள் நிற்கிற சில்வர் ஓக் உதிர்ப்பதைச் சாக்கில் அள்ளி மழை படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது மொறமொறவென்று இருக்கும், சீக்கிரம் மக்காது, அதனால் காலில் போட்டு மிதித்து நொறுக்கிப் போடுங்கள். கற்பூர மரத்து இலை அதிகம் வேண்டாம், அதில் இருக்கிற எண்ணெய் மக்க விடாது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தேயிலை மிலாறு போட்டால் கீழிருந்து காற்று ஏறும். கவாத்து வெட்டின குச்சியைத்தான் சொல்கிறேன். விறகுக்குப் போனது போக மிச்சம் எந்தத் தோட்டத்திலும் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டினால் சருகு போதவில்லை. கையைத் திறந்ததும் உதிர்ந்து கொட்டினால் காய்ந்துவிட்டது. உருண்டையாக நின்று, கட்டை விரலால் தட்டினால் உடைய வேண்டும், உள்ளங்கையில் ஈரம் பளபளக்க வேண்டும், அவ்வளவுதான். அடைப் பதம் தெரிந்த பெண்ணுக்கு இது தெரியாமலா போகும். இப்படிச் செய்தாலும் நாலு, ஐந்து மாதம் ஆகும். ஐம்பது நாளை மறந்துவிடுங்கள்.

மூணடிக் குவியலுக்கு நாலு பேர் வீட்டில் குப்பை போதாது என்றால் மண்புழு வையுங்கள். உரத்துக்கென்று விற்கிற ஐசீனியா ஃபெடிடா என்ற சிவப்புப் புழுவுக்கு 15 முதல் 25 டிகிரிதான் இதமான சூடு, திருப்பூர் வெயிலில் வதங்குவது இங்கே சௌகரியமாக இருக்கும். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் மட்டும் சாக்குப் போட்டு மூடி, சமையலறைச் சுவரை ஒட்டி உள்ளே வைத்துவிடுங்கள். எலுமிச்சைத் தோல், வெங்காயம் நிறையப் போடாதீர்கள்.

மூன்றாவது தப்பு, அந்த விருந்தாளி. நீங்கள் தொட்டியில் எண்ணெய்ச் சாதம், வடை, கருவாட்டுத் தலை ஏதாவது போட்டிருப்பீர்கள். கரடிக்கு எண்ணெய் வாசனை என்றால் உயிர். இந்தப் பக்கத்துக் கோயில்களில் கதவை உடைத்து விளக்கில் இருக்கிற எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது, சாமியை ஒன்றும் செய்யாது. பேரிக்காய், கொய்யா பழுத்துக் கிடந்தாலும் வரும். ஒரு தடவை ருசி கண்ட இடத்துக்குத் திரும்ப வரும், இன்னும் இரண்டு வாரத்துக்குத் தொட்டியை வெளியே வைக்கவே வைக்காதீர்கள், கவிழ்ந்த இடத்தை மண் போட்டு மூடுங்கள். சமைத்தது, எண்ணெய் பட்டது, மீன், கறி எதுவும் இனி தொட்டிக்குப் போகக் கூடாது. பச்சைக் காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு மட்டும். மிச்சச் சாதம் என் வீட்டில் மாட்டுக்குப் போகிறது, உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் மாடு இருக்கிறதா கேளுங்கள், இரண்டு பேருக்கும் லாபம். விடியற்காலை இருட்டில் வெளியே போக வேண்டியிருந்தால் டார்ச் அடித்துக்கொண்டு, நாலு வார்த்தை சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். கரடி நம்மைத் தேடி வருவதில்லை, எதிர்பாராமல் முட்டிக்கொண்டால்தான் வினை.

இன்னொன்று. குழி தோண்டிப் புதைக்கலாமே என்று யாராவது சொன்னால் சரிவில் தோண்டாதீர்கள். 2009 நவம்பரில் மண் எப்படி இறங்கிற்று என்று பார்த்தவன் நான். சரிவில் வெட்டின குழி மழைத் தண்ணீரைப் பிடித்து உள்ளே இறக்கும். தரைக்கு மேலேயே குவியுங்கள்.


கொடைக்காரி:

நான் பழனி மலைப் பக்கம், கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன். ஈரத்தில் உங்களுக்கு அக்கா. எங்கள் இரண்டு ஊருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. ஆடி மழையை உங்களுக்குத் தொட்டபெட்டா மறைத்துக்கொள்ளும், இது யாரும் மறைக்காமல் நேராக வரும். ஆகையால் இப்போது இருக்கிற நிலைமையைப் பார்த்து வருஷம் முழுக்க இப்படித்தான் என்று பயப்பட வேண்டாம்.

பூஞ்சணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சுவரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முக்கால்வாசி வெளியிலிருந்து வருவதில்லை, நாம்தான் உள்ளே உற்பத்தி செய்கிறோம். கேஸ் அடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் கிளம்பும். 14.2 கிலோ சிலிண்டர் தீருவதற்குள் இருபது லிட்டருக்கு மேல் வீட்டுக்குள் கொட்டியிருப்பீர்கள். அதோடு மூடாமல் கொதிக்கிற சாதம், வெந்நீர்க் குளியல், உள்ளே கட்டின கொடியில் ஈரத்துணி. எல்லா ஆவியும் வீட்டிலேயே ரொம்பக் குளிர்ந்த சுவரைத் தேடிப் போய் உட்காரும். உங்கள் வீட்டில் அது படுக்கை அறைச் சுவர். பீரோவை அதை ஒட்டி வைத்திருக்கிறீர்களா? ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகவே ஆவி போய்விடும், அந்தக் காலத்து வீடுகள் அப்படித்தான் மூச்சு விட்டன. இப்போது குளிருது என்று கீழே பிளாஸ்டிக் சீலிங் அடித்து, சுவரில் பளபள பெயின்ட் பூசி வாடகைக்கு விடுகிறார்கள், உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் எதிரெதிர் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், சாயங்காலம் மூடுபனி இறங்குவதற்கு முன்னால் அடைத்துவிடுங்கள். சமைக்கும்போது மூடி போடுங்கள், சமையலறை ஜன்னல் மட்டும் எப்போதும் திறந்திருக்கட்டும். வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு, வாடகை வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், அந்த ஒரு சுவரில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் பிடிக்காது, சுவரும் ஈரத்தை வெளியே விடும். பெயின்ட் மேலேயே அடித்தால் நிற்காது, உதிர்ந்துவிடும். அந்தக் காரம் நாளாக நாளாகக் குறையும், அதற்குத்தான் பொங்கலுக்குப் பொங்கல் அடித்தார்கள். நீர்த்த சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பையனை அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பூந்திக்கொட்டை. குளிர்ந்த தண்ணீரில் சரியாக நுரை வராது, ராத்திரி ஊறவைத்துக் காலையில் கொதிக்க வைத்து வடிகட்ட வேண்டும். ஸ்வெட்டர், கம்பளி, பட்டு இதற்கெல்லாம் அதைவிட நல்லது எதுவும் கிடையாது, நான் இருபது வருஷமாக வேறு எதிலும் கம்பளி துவைத்ததில்லை. ஆனால் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குச் சோப்புப் போடுங்கள் அம்மா. எல்லாவற்றையும் ஒரே கொட்டையில் முடித்தாக வேண்டும் என்று என்ன வேண்டுதலா?

துணி காயவைக்க வெளியே ஒரு தாழ்வாரத்தில், மேலே ஒளி புகுகிற பிளாஸ்டிக் ஷீட் போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டுக் கொடி கட்டுங்கள். பிழிந்த துணியைக் காய்ந்த துண்டில் சுருட்டி இரண்டு மிதி மிதித்துவிட்டுப் போட்டால் பாதி நேரம் மிச்சம். மாதவிலக்குக்குத் துணி நாப்கின் வைத்துக்கொள்ளலாம் என்று நானும் ஆசையாக ஆரம்பித்தேன், நவம்பரில் ஒரு வாரம் காயவே இல்லை. ஈரத்தோடு மடித்து வைத்ததில் தோலில் அரிப்பு வந்ததுதான் மிச்சம். மாசி, பங்குனியில் துணி, மழைக்காலத்தில் மாதவிடாய்க் கப் என்று இப்போது வைத்திருக்கிறேன். கப்பைக் கொதிக்க வைத்துத் துடைத்தால் முடிந்தது, வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.


சும்மா ஒரு ஆள்:

எல்லாரும் கீழே இருந்து மேலே வந்து வீடு எடுத்துக்கொண்டு பசுமை பேசுகிறீர்கள். நீங்கள் வராமல் இருந்தாலே மலை பசுமையாக இருக்கும்.


மிலாறு:

சும்மா ஒரு ஆள் தம்பி, சொல்வதில் பாதி நியாயம். ஆனால் அவர்கள் காட்டை வெட்டி வீடு கட்டவில்லை, இருக்கிற பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். கோபத்தைச் சரிவை வெட்டிக் காட்டேஜ் கட்டுகிறவர்கள் மேல் காட்டுங்கள். மாறவே முடியாது என்றும் இல்லை. இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, மாநிலம் முழுக்க 2019இல்தான் வந்தது. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பத்து ரூபாயைக் கொடுக்கிற ஏற்பாடும் 2022இல் இங்கேதான் முதலில் வந்தது. அதற்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் காலை வைக்கப் பயமாக இருக்கும், கண்ணாடித் துண்டுகள் யானைக் காலைப் பதம் பார்த்த கதையும் உண்டு. இப்போது பாட்டில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போக ஆள் இருக்கிறது.


மலையேறிய மருமகள்:

அக்காக்களுக்கும் அண்ணனுக்கும் கோடி நன்றி. நர்ஸ் அக்கா எழுதினதை வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரி அவராகவே வெந்நீர்ப் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கரிச்சட்டியில் இப்போது கொத்தமல்லி விதைத்திருக்கிறது.

கருவாட்டுத் தலை போட்டது உண்மைதான் அண்ணா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் தெரியவில்லை. சில்வர் ஓக் சருகு மூன்று சாக்கு அள்ளிவிட்டேன். பீரோவை நகர்த்தினால் பின்னால் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்பு, கொடைக்கானல் அக்கா நேரில் வந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார். சுண்ணாம்புக்கு வீட்டு உரிமையாளர் சரி சொல்லிவிட்டார், சீலிங்கைக் கழற்றத்தான் யோசிக்கிறார்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் அளவுக்குச் சமமான இடம் இருக்கிறது. மலை என்றால் உருளைக்கிழங்குதானே, கடையில் வாங்கின கிழங்கு முளை விட்டிருக்கிறது, அதையே நட்டுவிடலாமா?


மிலாறு:

வேண்டாம். கடைக் கிழங்கை நடுவதில் நோய் எது கூட வருகிறது என்று நமக்குத் தெரியாது. அதுவும் போக நீலகிரி மண்ணில் முட்டைக்கூடு நூற்புழு என்று ஒன்று இருக்கிறது, 1961இல் ஊட்டியில் கண்டுபிடித்தார்கள். வேரில் கடுகைவிடச் சின்னதாக மஞ்சள், பழுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை, உருளைக்கிழங்கு கிடைக்கிற வரைக்கும் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் காத்துக்கொண்டு கிடக்கும். அதற்காகவே இங்கிருந்து வெளி மாநிலத்துக்கு விதைக்கிழங்கு போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. ஆசையாக இருந்தால் அதைத் தாங்குகிற குஃப்ரி சுவர்ணா மாதிரி ரகத்தின் விதைக்கிழங்கு கிடைக்குமா என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள், ஒரு வருஷம் நட்டால் அடுத்த மூன்று வருஷத்துக்கு அந்த இடத்தில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று மாற்றுங்கள். மற்ற தோட்டத்து மண்ணை மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வராதீர்கள், கழுவிவிட்டு வாருங்கள்.

முதல் வருஷத்துக்கு நான் சொல்வது பூண்டு, பட்டாணி, அவரை. கீரையில் கொஞ்சம். எங்கள் வீட்டில் ராகி ஹிட்டுக்கு, களியைத்தான் சொல்கிறேன், அவரைக் குழம்பு இருந்தால் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். கேரட் போட்டால் முள்ளம்பன்றிக்குத்தான் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேலியை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கினால் கொஞ்சம் மிஞ்சும். காட்டுமாடு வந்தால் வேலியெல்லாம் கணக்கே இல்லை, விரட்டப் போகாமல் உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள்.


கொடைக்காரி:

பூண்டு என்றால் எங்கள் மலைப்பூண்டு வையுங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கினது. கோத்தகிரியில் நட்டால் அதைக் கொடைக்கானல் மலைப்பூண்டு என்று சொல்லி விற்கக் கூடாது, சாப்பிடலாம்.


மலையேறிய மருமகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கரடி திரும்ப வரவில்லை. ஒரு ராத்திரி மட்டும் நாய்கள் ரொம்பக் குரைத்தன, காலையில் தொட்டி இருந்த இடத்தை மோந்துவிட்டுப் போன தடம் இருந்தது, அவ்வளவுதான்.

பழைய தொட்டியைச் சாக்கு விரித்துக் கொட்டி, சருகோடு கலந்து, திரும்ப அடுக்கினேன். நாலாம் நாள் வாடை போய்விட்டது, மழை பெய்த காட்டு மண் மாதிரி ஒரு மணம் வருகிறது. நேற்று ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்த்தேன், இரண்டு சொட்டு விழுந்தது, இன்னும் சருகு வேண்டும் போல. அந்த ஜூலை வாழைப்பழத்தோலைக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி உள்ளே போட்டிருக்கிறேன், அதை ஒரு கை பார்க்காமல் விடுவதாக இல்லை. சுவருக்கு இரண்டு கோட் சுண்ணாம்பு முடிந்தது. பையன் ராத்திரி இருமுவது குறைந்திருக்கிறது, டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார், அதனாலா சுவரினாலா தெரியவில்லை.

மிலாறு அண்ணா, அடியில் போட மிலாறுதான் கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் போன வருஷமே கவாத்து முடிந்துவிட்டதாம், இனி நாலு வருஷம் ஆகுமாம். உங்கள் தோட்டத்தில் எப்போது வெட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள், சாக்கு எடுத்துக்கொண்டு வருகிறோம்.